தனித்தனிப் பிரதிகள்

குத்தாலம்
24 ஏப்ரல் 2025

கவிப்ரியா அவர்களுக்கு,

மலர்க்கொடி எழுதுவது. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீங்கள் அழுதுவிடுவீர்கள். போன தடவை அப்படித்தான் ஆனது. அதனால் எழுதுகிறேன்.

விளைவயல் கம்பெனியின் ஒப்பந்தம் வந்திருக்கிறது. மூன்று பிரதி. கம்பெனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்களுடையது நேராக ஷார்ஜாவுக்கே வந்துவிடும் என்றார் அவர்களுடைய தஞ்சாவூர் மேனேஜர் சாரங்கபாணி. எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லையாம். அவரவர் பிரதியில் அவரவர் போட்டு அனுப்பினால் போதும், மூன்றும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் ஆகிவிடும் என்று பத்தொன்பதாவது பிரிவில் இருக்கிறது. என் மகள் மதிவதனிதான் வாசித்து அர்த்தம் சொன்னாள்.

ஏழாவது பிரிவைக் கவனமாகப் படியுங்கள். மெஷின் நடவுக்காக நம் பண்ணையில் டிரேயில் வளர்கிற நாற்றுப் பாய் ஒன்றுகூட ஐந்து வருஷத்துக்கு வெளியாருக்குப் போகக் கூடாது. எல்லாம் கம்பெனிக்கு. பதினோராவது பிரிவில், அந்த ஐந்து வருஷமும் நீங்களோ நானோ பங்கிலிருந்து விலகக் கூடாது, வேறு இடத்தில் இதே தொழிலைத் தொடங்கவும் கூடாது என்று இருக்கிறது. அப்படியென்றால் துரைராசு அண்ணன் எங்கே போவார்? ஒன்றரை ஏக்கருக்கு நடவு ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் மகனும் நம் டிரேக்களைத் தலையில் சுமந்து போனதை நீங்கள் பார்த்தீர்கள். அவரைப் போல இருபத்துமூன்று குடும்பம்.

எனக்கு விருப்பமில்லை. ஆனால் ‘இளநடவு நாற்றுப் பண்ணை’யில் பாதி உங்களுடையது. நாற்று விடுகிற நிலமும் போர்வெல்லும் உங்கள் அப்பாவுடையது. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். பதில் வரும்வரை நான் பேனாவை எடுக்க மாட்டேன்.

தை மாதம் நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது கம்பெனிக்காரர்கள் வந்தார்களே, அன்று உங்கள் அப்பா என்னைக் காட்டி, “நம்ம பண்ணையில வேலை பாக்குற பொண்ணு” என்றார். நீங்கள் காபித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றீர்கள். வாயைத் திறக்கவில்லை. அதைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

மலர்க்கொடி

---

ஷார்ஜா
2 மே 2025

மலரக்காவுக்கு,

‘அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்ததைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மதியம் அவர் ஆபீசில் இருக்கும்போதுதான் முழுதும் படித்தேன்.

என் பிரதியும் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் பெயர் மட்டும் அச்சாகி, மேலே ஒரு கோடு. உங்கள் பெயருக்கு இடமே இல்லை. அதைப் பார்க்கவே என்னவோபோல இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அக்ரி படிப்பை முடித்த கையோடு நான் நடவு மெஷினோடு உங்களைத் தேடி வந்தேன். பதினெட்டுப் பெண்களை நடவுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தீர்கள். “மெஷின் வந்தா எங்க சோத்துல மண்ணு” என்று திட்டிவிட்டு, மறுநாள் நீங்களேதான் முதலில் ஏறி ஓட்டினீர்கள். அன்றிலிருந்து எந்தக் காகிதமானாலும் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர்.

எனக்கும் விருப்பமில்லை அக்கா. நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களைக் கேட்காமல் போடவும் மாட்டேன். ஆனால் இங்கே அதைத் தினமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. செந்தில் கெட்டவர் இல்லை. என் மனம் ஊரிலேயே கிடக்கிறது என்பதுதான் அவருக்கு வருத்தம். “கம்பெனி எடுத்துக்கிட்டா உனக்கு அந்தத் தலைவலி இருக்காதுல்ல?” என்கிறார். சாரங்கபாணி அவருக்குக் கல்லூரியில் சீனியராம், வாரம் இரண்டு முறை பேசுகிறார்கள். கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷத்தில் இந்தப் பதினோராவது மாடியின் ஜன்னலை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அது திறக்காத மாதிரிதான் செய்திருக்கிறார்கள்.

தை மாதத்தைப் பற்றி... அக்கா, அன்று எனக்கு வாய் வரவில்லை. அப்பா அப்படிப் பேசுவது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். காரணம் அவ்வளவுதான். நியாயம் என்று சொல்லவில்லை.

கூரியரில் போட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். கீழே மளிகைக் கடை வைத்திருக்கிற ஃபாஜில் அண்ணனுக்கு முத்துப்பேட்டை. இந்த வாரம் ஊருக்குப் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கவி

---

குத்தாலம்
12 மே 2025

கவிப்ரியா அவர்களுக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் சாரங்கபாணி காரில் வந்தார். நான் மெஷினுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். “கவிப்ரியா மேடம் போட்டு அனுப்பிட்டாங்க. உங்களுது ஒண்ணுதான் பாக்கி” என்றார்.

“அதைக் காட்டுங்க சார்” என்றேன்.

“அது வேற பிரதிம்மா. ஹெட் ஆபீஸ்ல இருக்கும். அதுக்குத்தானே தனித்தனியா கொடுத்திருக்கோம்?”

“நான் போடலேன்னா?”

“ஒரு பார்ட்னர் போட்டாச்சு. நீங்க போடலேன்னா அவங்களை நடுவழியில விட்ட மாதிரி. அவங்க அப்பா அமிர்தலிங்கம் ஐயாவும் அப்புறம் நிலத்தைத் தரமாட்டாங்க. யோசிச்சுக்குங்க.”

உங்களுக்கு போன் போட்டேன். போனில் பேசுவதில்லை என்ற வைராக்கியத்தை விட்டுவிட்டுத்தான் போட்டேன். உங்கள் வீட்டுக்காரர் எடுத்து, “கவி தூங்குறா, தலைவலி” என்றார். “கையெழுத்துப் போட்டாச்சான்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டேன். “அதெல்லாம் முடிஞ்சுதுங்க” என்றார்.

மெஷினின் மூடி மேலேயே வைத்துப் போட்டேன். கிரீஸ் கை. பெருவிரல் தாளில் பதிந்துவிட்டது.

நீங்கள் ஏன் எனக்கு எழுதாமல் போட்டீர்கள் என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நிலம் வைத்திருக்கிறவர்கள் ஒரு முடிவெடுத்தால் வரப்பில் நிற்கிறவளைக் கேட்டா எடுப்பார்கள்? எங்கள் அப்பா செல்லதுரை உங்கள் தாத்தாவிடம் பண்ணையாளாக இருந்தவர். கேட்காமல் முடிவெடுப்பதை அவர் நாற்பது வருஷம் பார்த்தார்.

இனி ஐந்து வருஷம். துரைராசு அண்ணனிடம் நீங்களே எழுதிச் சொல்லுங்கள். என்னால் முடியாது.

மலர்க்கொடி

---

ஷார்ஜா
19 மே 2025

அக்கா,

உங்கள் 12-ஆம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. நாலு தடவை படித்தேன். ஏதோ தேதி தப்பு என்றே நினைத்தேன்.

10-ஆம் தேதி சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செந்தில் சொன்னார்: “உங்க மலரக்கா கையெழுத்துப் போட்டுட்டாங்க. சாரங்கபாணி இப்பத்தான் சொன்னாரு.” “இருக்காது, விருப்பமில்லைன்னு எழுதியிருந்தாங்க” என்றேன். “மனசு மாறியிருக்கும். உன்னை மாதிரி அவங்களும் எத்தனை நாள்தான் இழுத்துக்கிட்டு இருப்பாங்க?” என்றார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். வெயிலிலும் சேற்றிலும் நிற்பது நீங்கள். என் கடிதத்தைப் படித்தபிறகும் உங்களுக்கே போதும் என்று தோன்றிவிட்டால், போன் போட்டுத் தடுக்க நான் யார் என்று நினைத்தேன். 13-ஆம் தேதி போட்டேன். உங்களுக்காக என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

நீங்கள் போட்டது 11-ஆம் தேதி. அன்று நான் போட்டிருக்கவில்லை. 10-ஆம் தேதி நீங்கள் போட்டிருக்கவில்லை. இரண்டு பேரிடமும் அடுத்தவர் போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு வேறு தாள் என்பதால் நம்மால் பார்க்க முடியவில்லை.

நீங்கள் போன் செய்தது எனக்குத் தெரியாது. தலைவலி என்று நான் படுக்கவும் இல்லை. மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் உங்கள் கடிதத்தை நீட்டினேன். படித்தார். பிறகு, “எப்படியும் போடப்போறவங்கதானே? ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி சொன்னேன், அவ்வளவுதான். இப்ப ரெண்டு பேரும் போட்டாச்சு. இதுல என்ன பொய் இருக்கு?” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் 2-ஆம் தேதி உங்களுக்கு நீளமாக எழுதியிருந்தேன். ஃபாஜில் அண்ணன் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, மச்சான் வரவில்லை, கடையைப் பார்க்க ஆளில்லை என்று இப்போதுதான் கீழே போய்த் தெரிந்துகொண்டேன். என் கடிதம் இத்தனை நாளும் அவர் கல்லாப்பெட்டியில் இருந்திருக்கிறது. நாளை மறுநாள் கிளம்புகிறாராம். வாங்கிக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். வேண்டாம், நீங்கள் படிக்க வேண்டும். இதை மட்டும் கூரியரில் அனுப்புகிறேன். தெரிந்தால் தெரியட்டும்.

கவி

---

குத்தாலம்
28 மே 2025

கவி,

முத்துப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஃபாஜில் தம்பியே வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தாமதத்துக்கு ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டார். மோர் கொடுத்தேன். அவர் போனபிறகு போர் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து படித்தேன். ‘உங்களைக் கேட்காமல் போடவும் மாட்டேன்’ என்று நீ எழுதிய வரியைப் மூன்று வாரம் முன்னால் நான் பார்த்திருந்தால், அந்த ஆளைக் காரோடு வாய்க்காலில் தள்ளியிருப்பேன்.

உன்னைப் பற்றி அப்படி நினைத்தேன், அது தப்பு. ஆனால் அந்த ஆள் சொன்னதும் எனக்கு அது ஏன் சட்டென்று நம்பும்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு நான் மட்டும் காரணமில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

மாயவரம் போய் வக்கீல் ஜெயபாரதியைப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்தான். உன் இரண்டு கடிதத்தையும் கூரியர் ரசீதையும் பார்த்தது. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஆனால் பொய் சொன்னார்கள் என்று காட்ட வேண்டும். சாரங்கபாணி ஒத்துக்கொள்ள மாட்டார். “நடந்ததை அவங்க வீட்டுக்காரர் பேரோட, தேதியோட கவிப்ரியா கைப்பட எழுதித் தரணும். நோட்டீஸ் விட இப்போதைக்கு அதுவே போதும். அது இல்லேன்னா ஒண்ணும் நிக்காதுக்கா” என்றது.

இதை உனக்குத் தெரிவிக்கிறேன். எழுதித் தா என்று கேட்கவில்லை. குடித்தனம் உன்னுடையது.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்கிறார்கள். கம்பெனி இரண்டாயிரம் டிரே விடச் சொல்லி விதை இறக்கிவிட்டது. ஆடுதுறை 53 ரகம். துரைராசு அண்ணன் வந்து, “எனக்கு எப்போ விடப்போறே மலரு?” என்று கேட்டார். விதைக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மலர்

---

ஷார்ஜா
8 ஜூன் 2025

அக்கா,

என்னால் முடியாது.

இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். ‘என் கணவர் செந்தில்குமார்’ என்று தொடங்கினால் அதற்கு மேல் கை ஓடவில்லை. அப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. “மாப்பிள்ளையைக் கோர்ட்டுல ஏத்தப் போறியா? ஒரு நாத்துக்காகவா?” என்று போனில் கேட்டார். அம்மா பின்னாலிருந்து அழுகிற சத்தம் கேட்டது.

என் பாஸ்போர்ட் அவருடைய ஆபீஸ் லாக்கரில் இருக்கிறது. பத்திரத்துக்காக வைத்தது, தை மாதம் ஊரிலிருந்து திரும்பியதும் நானேதான் கொடுத்தேன். போன வாரம் சும்மா கேட்டுப் பார்த்தேன். “எதுக்கு இப்ப?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வெளியே போகும்போது நான் எங்கே போகப்போகிறேன் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். நானும் பதில் சொல்கிறேன். கீழே கடைக்கு. மாடியில் துணி எடுக்க. அதற்கு மேல் எனக்குப் போக இடமும் இல்லை.

நீங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்டிருந்தால் உங்களோடு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஐந்து வருஷம்தானே அக்கா. போய்விடும்.

கவி

---

குத்தாலம்
28 ஜூன் 2025

கவி,

நடந்ததைச் சொல்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை.

9-ஆம் தேதி விதைத்தோம். பாய் ஒவ்வொன்றும் சுருட்டினால் பிரியாத அளவுக்கு வேர் பின்னியிருந்தது. இந்த ஆறு வருஷத்தில் இப்படி வந்ததில்லை. பதினைந்தாம் நாள் கம்பெனி லாரி வரவேண்டும், வரவில்லை. போன் போட்டேன். “திருவாரூர்ப் பக்கம் வயல் இன்னும் ரெடியாகலை, நாலஞ்சு நாள் பொறுங்க” என்றார் சாரங்கபாணி. நாலைந்து நாளில் நாற்றுக்கு இருபது நாள் தாண்டிவிடும். நாற்று உயர்ந்துவிட்டால் மெஷினின் விரல் அதைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். பதினாறாம் நாளும் வரவில்லை. “வீணாப் போனா கம்பெனி பாத்துக்கும். வெளியில மட்டும் ஒரு பாய் போகக் கூடாது” என்றார்.

பதினேழாம் நாள் காலை துரைராசு அண்ணன் வந்தார். சேறடித்துப் பரம்படித்து மூன்று நாளாகத் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார். நடவு ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பச்சைப்பசேலென்று இரண்டாயிரம் டிரே கிடப்பதைப் பார்த்தார். “யாருக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டார். நான் சொன்னேன். ஒப்பந்தம், ஏழாவது பிரிவு, எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “சரிம்மா. நீ கையெழுத்துப் போட்டுட்ட. உன்னை எதுக்குச் சங்கடப்படுத்தணும்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் திட்டியிருக்கலாம். மதகு வரை போய்விட்டார். நான் கூப்பிட்டேன்.

அன்றும் மறுநாளும் நானும் மதிவதனியும் மெஷினை நிறுத்தவே இல்லை. பதினான்கு குடும்பத்துக்கு நட்டு முடித்தோம். மிச்சத்தையும் கொடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலம் கம்பெனி ஆள் ஒருவன் வந்து வயல் வயலாகப் படம் எடுத்துப் போனான். இன்று ஆள் வழியாகவே நோட்டீஸ் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை மீறியது நான் என்று எழுதியிருக்கிறது. அது சரிதான். நோட்டீஸ் உன் பெயருக்கும் வரும், ஒப்பந்தப்படி இரண்டு பேரும் சேர்ந்தே பொறுப்பு. உன்னைக் கேட்காமல் உன்னையும் மாட்டிவிட்டேன். கேட்கிற அவகாசம் இல்லை.

உன் அப்பா ஆள் விட்டு போர் கொட்டகையைப் பூட்டிவிட்டார். மெஷின் இரண்டும் உள்ளே இருக்கின்றன.

உன்னிடம் எதையும் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. ஐந்து வருஷம் போய்விடும் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பதினேழு நாள்கூடப் போகவில்லை.

மலர்

---

ஷார்ஜா
9 ஜூலை 2025

அக்கா,

இதோடு இரண்டு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடுங்கள்.

நோட்டீஸ் வந்த அன்று அவர் அதை என் முன்னால் போட்டார். “பாத்தியா, உன் மலரக்கா பண்ணினதை?” என்றார். நான் படித்தேன். பதினான்கு சர்வே எண்கள் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் யார் வயல் என்று எனக்குத் தெரியும். படித்து முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே எழுத உட்கார்ந்தேன். ஒளித்து எழுதவில்லை. அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ‘என் கணவர் செந்தில்குமார்’ என்று தொடங்கினேன். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

முடித்ததும் அவரிடமே கொடுத்தேன். படித்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. ஓரிடத்தில் நிறுத்தி, “நான் சொன்னது 11-ஆம் தேதி இல்ல. 10-ஆம் தேதி, சனிக்கிழமை” என்றார். பதற்றத்தில் நான் 11 என்று எழுதியிருந்தேன். பேனாவை எடுத்து அடித்து, பக்கத்தில் 10 என்று அவரே எழுதினார். எழுதி முடித்தபிறகுதான் தன் கை என்ன செய்தது என்று அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காகிதத்தைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். கொட்டகைச் சாவியைத் தரும்படி அவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மெஷின் இரண்டும் பண்ணையுடையவை, அதில் பாதி மலர்க்கொடியுடையது என்று எழுதியிருக்கிறேன்.

ஐந்து நாளாக இங்கே யாரும் யாரோடும் பேசவில்லை. குக்கர் சத்தம்தான்.

கவி

---

குத்தாலம்
6 ஆகஸ்ட் 2025

கவி,

ஜெயபாரதி நோட்டீஸ் விட்டு இருபது நாளில் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. உன் இரண்டு பக்கத்தின் நகலையும், அதில் உன் வீட்டுக்காரர் கையெழுத்தில் இருந்த அந்தத் திருத்தத்தையும் பார்த்தபிறகு அவர்கள் வழக்குக்குப் போக விரும்பவில்லை. பரஸ்பர சம்மதத்தோடு ஒப்பந்தம் ரத்து என்று எழுதியிருக்கிறார்கள். பொய் சொன்னோம் என்று ஓரிடத்திலும் இல்லை. சாரங்கபாணி இப்போது தஞ்சாவூரில் இல்லை, வேறெங்கோ போட்டுவிட்டார்களாம். என் பிரதி திரும்பி வந்துவிட்டது. உன்னுடையதும் கூடவே வந்தது. இரண்டையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

உன் அப்பா சாவியைக் கொடுத்தனுப்பினார், ஆனால் நிலம் இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார். துரைராசு அண்ணன் தன் வயலில் கால் ஏக்கரைச் சம்பா நாற்றுக்கு விட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். போர் இல்லை, வாய்க்கால் தண்ணீர்தான். பார்க்கலாம்.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆனால் ஊரில் யாரிடம் சொன்னாலும், “அப்ப கவிப்ரியா?” என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். நீ எழுதிக் கொடுத்துத்தான் வந்தேன். நீ அங்கேயே இருக்கிறாய்.

நேற்று உனக்கு நான்கு தடவை போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஃபாஜில் தம்பி ஷார்ஜா திரும்பிவிட்டார் என்று தெரிந்து அவர் நம்பருக்கும் போட்டேன். இரண்டு வாரமாக நீ கீழே வரவில்லை என்கிறார்.

இந்தக் கடிதத்தை அவர் கடை விலாசத்துக்குத்தான் கூரியரில் அனுப்புகிறேன். பதினோராவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டி, உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் பாஸ்போர்ட் விஷயமாக அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஜெயபாரதி விசாரித்து எழுதிய சீட்டு உள்ளே இருக்கிறது.

இந்தத் தடவை நான் கேட்கிறேன் கவி. பதில் எழுது. ஒரு வரி போதும்.

மலரக்கா